நிஸாவின் இடது கண்

வெயிலில் இறங்கினால் நிஸா இடது கண்ணை மூடிக்கொள்வாள். எண்பதுகளின் தொடக்கம், அவளுக்கு நான்கு வயது. "இவள் ஆருக்குக் கண்ணடிக்காள்?" என்று அவளுடைய வாப்பா சிரிப்பார். அவளைப் பெற்ற நானும் சிரிப்பேன். அதுதான் முதல் அறிகுறி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

களைத்த நேரங்களில் அந்தக் கண் காதுப் பக்கம் ஒதுங்கத் தொடங்கிய பிறகே கொழும்புக்குக் கொண்டுபோனோம். வெளிமாறுகண் (ஒரு கண் வெளிப்பக்கம் விலகிப்போவது) என்றார் டொக்டர். கண்ணை அசைக்கும் தசையை இடம்மாற்றித் தைத்தார்கள். கட்டவிழ்த்ததும் இரண்டு கண்களும் நேராக என்னைப் பார்த்தன. அல்லாஹ்வே, அன்று நான் அழுத அழுகை!

"திரும்பவும் விலகலாம். விலகினால் உடனே கொண்டு வாங்க" என்றார் டொக்டர்.

எங்கள் ஊரான நிந்தவூரில் சுகம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "எங்க, என்னப் பாரு மகள்" என்று பரீட்சை வைத்தார்கள். "மாஷா அல்லாஹ், நேராகிட்டு!" என்று மகிழ்ந்து போனார்கள்.

ஒன்பது வயதில் அவள் தலை குனிந்தே கதைக்கத் தொடங்கினாள். "புள்ளைக்கி நல்ல அடக்கம் வந்திட்டு. எல்லாம் உன்ட வளர்ப்பு" என்று என் கணவரின் தாயார் புகழ்ந்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. குனிந்த கண்ணை எங்கள் ஊரில் யாரும் நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

ஒருநாள் விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். கோபத்தில் நாடியைப் பிடித்து நிமிர்த்தினேன். இடது கண் வெளி ஓரத்தில் ஒதுங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்து மகள்?"

"கன நாளா, உம்மா."

"ஏன் சொல்லல்ல?"

"நேராகிட்டு எண்டு எல்லாரும் சந்தோசப்பட்டீங்களே, உம்மா."

மறுநாளே அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோனோம்.

"திரும்பவும் நேராக்கலாம். ஆனா ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கப் பழகுற வயசு அநேகமாப் போயிட்டு" என்றார் டொக்டர். ஆழப்பார்வை (எது கிட்ட, எது எட்ட என்று அறிவது) இனி வருவது கடினமாம்.

உங்கள் பிள்ளைக்கும் இந்தச் சிகிச்சை நடந்திருந்தால், கண் நேரான நாளோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கண் விலகுகிறதா என்று அறிய, பிள்ளையின் முகத்தை நிமிர்த்தி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி சொல்லுங்கள்.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் பிறகு, பார்ப்பவர்களுக்கு அவள் கண் நேர்தான். ஆனால் நான் எதையாவது நீட்டினால் அவள் விரல்கள் பொருளைத் தொடுமுன்பே வெறும் காற்றில் மூடிக்கொள்ளும். பிறகு திறந்து, மறுபடியும் தேடும். அந்தக் கணம் எனக்கு ஒரு வருடம் போலக் கழியும். இப்போதெல்லாம் யாருக்கு எதைக் கொடுத்தாலும், என் கை தானாகவே சற்றுக் கூடுதலாக நீள்கிறது.