பைன் சருகுச் சரிவு

ரங்கூனின் தின்கன்ஜூன் சந்தையில் அடுப்பு பற்றவைக்க விற்கும் பைன் குச்சிக் கட்டை இன்று கையில் எடுத்ததும், அதன் பிசின் வாசனையில், அப்பாவின் ரயில்வே மாற்றலால் சிறுவயதில் நாங்கள் குடிபோன கலோ மலையூர் அப்படியே வந்து நின்றது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு முழுக்கப் பைன் சருகு மெத்தையாகக் கிடக்கும். குளிர்காலத்தில் பனி விலகி வெயில் ஏறியதும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, சரசரவென்று அடிவரை சறுக்கிப் போய், தலையெல்லாம் சருகோடு மறுபடி மேலே ஏறுவோம். இப்போது அங்கே ஹோட்டல் நிற்கிறதாம்.

அம்மாவுக்கு அந்தக் குளிரும் தனிமையும் தாங்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்கே திரும்பிவிடுவதென்று பெட்டியும் கட்டிவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள், என்னைச் சாப்பிடக் கூப்பிடச் சரிவுக்கு வந்தவளைப் பக்கத்து வீட்டு மா கின் பிடித்துச் சாக்கில் உட்காரவைத்துத் தள்ளிவிட்டாள்.

“ஐயோ மா கின், விழுந்துருவேன்!” என்று அலறிக்கொண்டே போனவள், அடியில் உருண்டு எழுந்து, கொண்டை அவிழ, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த ஊருக்கு வந்தபின் அம்மா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா ரயில் டிக்கெட்டோடு வந்தார்.

“இப்ப வேணாங்க,” என்றாள் அம்மா. “குளிர் முடிஞ்சதும் போய்க்கலாம்.”