இரண்டாவது பிரேக்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவள் ஆசிரியை. ஊர் வைத்த பெயர் பிரேக் டீச்சர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்காரும் ஆசிரியை காலடியில் இன்னொன்று இருக்கும். மாணவன் தவறு செய்தால் அவள் மிதிப்பாள். தவறு செய்வான் போலத் தெரிந்தாலும் மிதிப்பாள். சில நாள் ஒன்றுமே தெரியாமலும் மிதிப்பாள். செருப்புக் கடையில் வலது கால் செருப்பை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

நேற்று வரை சைக்கிள் கூட ஓட்டாதவன் பக்கத்தில் உட்கார்ந்து சந்தைத் தெருவுக்குள் போகிறாளே, எவ்வளவு தைரியம் என்று ஊரே மெச்சியது. உள்ளதைச் சொன்னால், அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் முகம் வெளுக்கும்; அவளுக்குக் குரல் உயரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பயம் அவளுக்கு மகளோடு சேர்ந்து பிறந்தது. அந்தக் குழந்தை அவசரக் குடுக்கை, மாதம் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தது. இவள் வெளியே நின்று, "இவளை மட்டும் குடுத்துடு சாமி. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கும்பிட்டாள். சாமி கொடுத்துவிட்டார். இவளும் சொன்ன சொல் தவறாமல் மற்றதை எல்லாம் தானே பார்த்துக்கொண்டாள்.

குழந்தை முதல் அடி எடுத்து வைத்தால் எல்லார் வீட்டிலும் கை தட்டுவார்கள். இவள் தலையணையோடு பின்னாலேயே ஓடினாள். பள்ளியில் சேர்த்த அன்று எதிர்ப்புறக் கடையில் சாயங்காலம் வரை நின்றிருந்தாள். நீச்சல் வகுப்பு வந்தது: தண்ணீர் சுத்தமில்லை, வேண்டாம். சுற்றுலா வந்தது: அந்த டிரைவர் என்னிடம் படித்தவன், அவன் லட்சணம் எனக்குத் தெரியும், வேண்டாம். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது: விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது, வேண்டாம். முதலில் எல்லாம் மகள் அழுதாள். பிறகு அழுகை நின்றது. பக்குவம் வந்துவிட்டது என்று அம்மா நிம்மதிப்பட்டாள். பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளைக்குப் பக்குவம் வருமா, புழுக்கம் வருமா என்று அவள் யோசித்ததில்லை.

அவள் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். வாய் கொஞ்சம் நீளம். தினமும் காலையில் அவள் கண்மூடிக் கும்பிட்டு முடித்ததும், "சாமி பக்கத்துலயும் ஒரு பிரேக் வெச்சிருக்கியா?" என்று கேட்பார்.

"சும்மா இருங்க. சாமி மேல பாரத்தைப் போட்டாலும் நாமளும் ஜாக்கிரதையா இருக்கணும்ல."

"நீ எங்க பாரத்தைப் போட்டே? போடற மாதிரி காட்டிட்டு திரும்பத் தூக்கிட்டு வந்துடறே. பிசைஞ்ச மாவைத் திறந்து திறந்து பாத்தா அது எப்ப உப்பறது?"

அப்படி இருந்த வீட்டில்தான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: மலையூர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கப் போகிறேன், என் வண்டியிலேயே போய்விடுவேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. அம்மா தடுக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை அப்பாவும் மகள் பக்கம் சாய்ந்துவிட்டார். கடைசியில், "கொண்டுபோய் விட்டுட்டாவது வரேன்" என்று பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அது மகள் வாங்கிய பழைய சின்ன கார். அதில் எல்லாக் காரையும் போல ஒரே ஒரு பிரேக்தான் இருந்தது.

சமவெளி முடியும் வரை சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் வெறும் பள்ளம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு அங்கே பட்டப்பகலிலேயே திரும்பிய இடமெல்லாம் பேய்தான். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி எது, கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று மனம் எங்கெங்கோ போய்விட்டு வந்தது.

ஒரு வளைவில் மகள் வேகத்தைக் குறைத்தாள். ஹாரன் அடித்தாள். தன் பக்கத்தை விட்டு ஒரு சாண் கூட விலகவில்லை. வளைவுக்கு அந்தப் புறமிருந்து, குழாய் ஏற்றிய லாரி ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்தது.

அம்மாவின் வலது கால் ஓங்கி மிதித்தது. அங்கே வெறும் ரப்பர் விரிப்புதான் இருந்தது. மறுபடி மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. அவள் வாழ்நாளில் கால் மிதித்து வண்டி நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை. கையை நீட்டி நடுவில் இருந்த கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஓடுகிற வண்டியில் கைப்பிரேக்கைத் தொடக்கூடாது என்பது அவள் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லும் பாடம். பின் சக்கரங்கள் இறுகிக்கொண்டன. வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுவரை நோக்கித் திரும்பியது. கண்ணாடிக்கு வெளியே பள்ளம் தெரிந்தது. "அம்மா, கையை எடு!" என்று கத்தியபடி மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கைப்பிரேக்கை இறக்கினாள், ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பி, வண்டியை ஒருவழியாகச் சுவரை ஒட்டி நிறுத்தினாள். லாரி உரசாமல் தாண்டிப் போய் நின்றது.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, சாகறதுக்கு என் லாரிதான் கெடச்சுதா? யாரு உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது?"

பிரேக் டீச்சர் குனிந்துகொண்டாள். "தப்பு என்மேலதாண்ணே, மன்னிச்சிடுங்க" என்றாள் மகள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மகள் என்ஜினை அணைத்தாள். சாவியை உருவி அம்மாவிடம் நீட்டினாள்.

"நீயே ஓட்டும்மா. வீட்டுக்கே போயிடலாம். எனக்கு இந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அம்மா இத்தனை நாளாகக் காலையும் மாலையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. சாவியை வாங்கி வண்டியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மகள் முகத்தைப் பார்த்ததும் லாரியைப் பார்த்தபோது இருந்ததைவிட அதிகப் பயம் வந்தது. அது கண்ணாடியில் தினமும் தான் பார்க்கிற பயந்த முகம்.

"ஏண்டி வேணாங்கறே?"

"நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல. இல்லாட்டி நீ ஏன் இழுக்கப் போறே?"

பயிற்சி வண்டியில் அப்படித்தான். டீச்சர் கால் மிதித்தால் மாணவன் தப்பு. ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. பெற்ற மகளும் கேட்டதில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்றாள். குரல் உயரவில்லை. "ஹாரன் அடிச்சே, மெதுவாப் போனே, உன் பக்கத்துலயே போனே. நான் பயந்துட்டேன். அவ்வளவுதான்."

"நீயா? உனக்கென்ன பயம்?"

"எனக்கு எப்பவும் பயந்தான்."

மகள் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "அப்ப அந்த நீச்சல் கிளாஸ்?" என்றாள்.

"அதுவும் பயந்தான்."

"காலேஜ்?"

"அதுவும்."

"எனக்குத் துப்பில்லன்னு நீ நினைக்கறே, அதான் தடுக்கறேன்னு நான் இத்தனை வருஷமா..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. அழுதாள். பல வருடங்களுக்குப் பிறகு அம்மா எதிரில் அழுதாள். துடைக்கப் போன கையை அம்மா பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். "சாவியை நீயே வெச்சுக்கோ. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது."

பின் இருக்கையில் மகளின் மெத்தைக்கும் பாத்திர மூட்டைக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாள். அங்கே மிதிக்கவும் ஒன்றுமில்லை, இழுக்கவும் ஒன்றுமில்லை. சாமி என்று தொடங்கினாள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல இந்த முறை வாய் வரவில்லை. வெறும் சாமி, சாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் இம்மியும் குறையவில்லை.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள். அடுத்த வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. ஹாரன் அடித்தாள்; மெதுவாக்கினாள்; அம்மா என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்கவே இல்லை.