நடுமேட்டுக்குத் தண்ணீர்

அந்த வருஷம் வட இங்கிலாந்தின் ஹெப்பில்ஷாவில் ஏப்ரலிலிருந்தே மழை இல்லை. ஆனால் சாப்பல் லேனில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெருவுக்கு அடியில் போகிற பெரிய குழாய் எங்கோ விட்டுப்போய், தாரைப் பிளந்துகொண்டு மேலே வந்து, புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பௌலிங் கிளப்பின் வாசலைத் தாண்டிச் சரிவில் இறங்கி, சாக்கடைக்குள் போய் விழுந்தது. நல்ல குடிதண்ணீர். தோரா சட்கிளிஃப் அதைத் தாண்டிக் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு கெட்ட வார்த்தை சொல்வாள். ஹாலிஃபாக்ஸில் இருபத்தேழு வருஷம் டபுள் டெக்கர் பஸ் ஓட்டியவள். கெட்ட வார்த்தைக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வானத்தைத் திட்டச் சொன்னால் நாள் பூராவும் திட்டுவார்கள். மழை பெய்தாலும் திட்டு, பெய்யாவிட்டாலும் திட்டு. ஆனால் தப்புச் செய்த மனுஷன் எதிரில் வந்து நின்றால் போதும், வாயில் கொழுக்கட்டை. காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்கிற ஊர் இது. தோரா இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். எப்படியோ இந்த வியாதி மட்டும் அவளுக்கு ஒட்டவில்லை.

கிளப்பின் புல்தரை அவள் கைக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். அது 'வீவர்ஸ்' பப்புக்குப் பின்னால் இருந்தது. சனிக்கிழமைகளில் பெண்கள் அந்தத் தரையில் கால் வைக்கக் கூடாது என்று அப்போது ஒரு விதி. சாண்ட்விச் வெட்டலாம், டீ ஊற்றலாம், ஓரத்தில் நின்று கை தட்டலாம். புல் வெட்டுகிற பெரியவர் இடுப்பு ஒடிந்து படுத்துக்கொண்டபோது, கமிட்டி ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தோரா டீக் கெட்டிலைப் பொத்தென்று வைத்தாள்.

"மெஷின் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் சனிக்கிழமை விதியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அந்த ஆட்டத்துக்குத் தரை தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் மெல்ல எழும்பி நாலு பக்கமும் இறங்க வேண்டும். கனத்த பந்தை உருட்டிவிட்டால் அது அந்த மேட்டைச் சுற்றி வளைந்து போய், முன்னால் கிடக்கும் சின்னப் பந்தை ஒட்டி நிற்க வேண்டும். ஆட்டத்தின் உயிரே அந்த நடுமேடுதான். தோரா அதைக் கையால் களை பிடுங்கி, உருளை போட்டு, தலை வாரிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டாள். தட்டையான ரப்பர் செருப்பு இல்லாமல் யாரையும் ஏற விடமாட்டாள். அவள் புருஷன் நெவில் எதிர் அணிக்காரி ஒருத்தியோடு ஓடிப்போனதைப் பற்றிக் கேட்டால், "போனா போறான். ஆணி வச்ச பூட்ஸைப் போட்டுக்கிட்டு என் நடுமேட்டுல நடந்து போனான் பாரு, அதைத்தான் மன்னிக்க முடியல" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

தரை கிளப்புக்குச் சொந்தமில்லை. பப்பை வைத்திருக்கும் கம்பெனிக்குச் சொந்தம். பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. கிளப் லீக் போட்டிகளில் ஆடுகிற வரைக்கும் தரையை யாரும் தொட முடியாது. லீகை விட்டு விழுந்தால் அன்றைக்கே கம்பெனிக்குப் போய்விடும். கம்பெனிக்கு அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. ஆகஸ்ட் கடைசியில் லீக்காரர் வந்து தரையைப் பார்ப்பார். ஆட லாயக்கில்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

ஜூனில் நீர்த்தேக்கம் பாதிக்குக் கீழே போய்விட்டது. மலைமேல் தண்ணீருக்குள் கிடந்த பழைய பாலம் வெளியே வந்து நின்றது. லீட்ஸிலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்து அதைப் பார்த்தார்கள். ஐஸ்கிரீம் வண்டி ஒன்று வந்து அங்கேயே டேரா போட்டது. ஜூலையில் ஹோஸ் பைப் தடை வந்தது. தோட்டத்துக்கும் காருக்கும் ஹோஸ் பிடிக்கக் கூடாது, பூவாளியில் ஊற்றிக்கொள்ளலாம். பப் மேனேஜர் ஸ்டூவர்ட் இதுதான் சாக்கு என்று வெளிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டான்.

"பூவாளிக்குத் தடை இல்லையேடா, ஸ்டூவர்ட்."

"எனக்குத் தெரியும் கண்ணு. மேலிடத்து உத்தரவு. எல்லாரும் மிச்சம் பிடிக்கணுமாம்."

இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான். கழுத்தை நெரிக்க வருகிறவனும் கண்ணு என்று சொல்லித்தான் நெரிப்பான்.

தோரா தண்ணீர்க் கம்பெனிக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒரு பானை உருளைக்கிழங்கை உரித்து முடித்தாள். பிறகு லைனில் ஒரு பெண் வந்தாள்.

"சாப்பல் லேன் கசிவு எங்க லிஸ்ட்ல இருக்கு மேடம். அவசரம் இல்லாத வரிசையில இருக்கு."

"ஏப்ரல்லேர்ந்து ஓடுது. எப்பம்மா அவசரமாகும்? நாங்க மிதக்க ஆரம்பிச்சப்புறமா?"

"மழை ரொம்பக் குறைவா இருக்கறதால எங்க ஆளுங்க எல்லாரும் பிஸி மேடம். நீங்களும் உதவலாம். பல் தேய்க்கும்போது குழாயை மூடி வச்சீங்கன்னா..."

"எனக்கு இருக்கறதே பாதிப் பல்லு! மீதியைக் கிண்ணத்துல போட்டுத்தான் கழுவறேன்!"

போனை அறைந்து வைத்தாள். கோபத்தில்தான். அந்தப் பெண்ணின் மேல் கோபமில்லை, பாவம், எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள். எழுதிக் கொடுத்தவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாத கோபம். அது இன்னும் மோசமானது.

மறுநாள் காலை தோரா இரண்டு பூவாளிகளைத் தூக்கிக்கொண்டு சாப்பல் லேனில் போய்க் குந்தினாள். தார் பிளந்த இடத்தில் ஒரு பழைய தகரத்தைச் சொருகினாள். தண்ணீர் குதித்துப் பூவாளிக்குள் விழுந்தது. முழுத்தரையையும் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஓரங்கள் காய்ந்தால் லீக்காரர் கண்டுகொள்ள மாட்டார். நடுமேடு வெடித்தால்தான் ஆபத்து. ஆகவே நடுமேட்டுக்கு மட்டும் ஊற்றினாள், வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும். முழங்கால் வீங்கியது. இரண்டாவது வாரத்தில் கிளப் ஆட்கள் நாலைந்து பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வாளியோடு வந்தார்கள். கிளப் செயலாளர் டெஸ்மண்ட் ஆர்மிட்டேஜ் கூட டை கட்டிக்கொண்டு ஒரு வாளி தூக்கினான். பள்ளத்தாக்கு முழுக்கப் பிஸ்கட் நிறத்தில் கிடந்தபோது, ஹெப்பில்ஷாவில் ஒரு நடுமேடு மட்டும் பச்சையாக இருந்தது. பக்கத்து ஊர் கிளப்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று வயிறு எரிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தோரா அந்த வாரம் மட்டும் கெட்ட வார்த்தை சொல்லாமல் தண்ணீரைத் தாண்டினாள்.

டெஸ்மண்ட் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடம். ஒரு வீட்டுக்கடன் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன். வெறிச்சோடிய ரோட்டில்கூடச் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்பவன். ஒரு நாள் மாலை அவன் தோராவிடம் வந்து, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றான்.

"தோரா, ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கேன்."

"என்னது?"

"தண்ணிக் கம்பெனிக்கு எழுதிட்டேன். நாம இந்தக் கசிவுத் தண்ணியை எடுத்துப் புல்லுக்கு ஊத்தறோம், அதுக்கு அனுமதி உண்டான்னு மரியாதையா கேட்டிருக்கேன். நாளைக்கு யாரும் நம்மளை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு."

தோரா பூவாளியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"யாருடா கேட்டாங்க உன்னை?"

"யாரும் கேக்கல. அதான், கேக்கறதுக்கு முன்னாடி நாமளே..."

"சாக்கடைக்குப் போற தண்ணிக்கு அனுமதியா? சாக்கடை எழுதிக் கேட்டுச்சா, டெஸ்மண்ட்? சாக்கடைக்கு எவன் அனுமதி குடுத்தான்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல தோரா..."

"உன் முறையில இடி விழ!"

கம்பெனியிடமிருந்து பதில் மறுநாளே வந்தது. ஏப்ரலிலிருந்து அசைந்து கொடுக்காத கம்பெனி அது. அனுமதியில்லாமல் குழாய்த் தண்ணீரை எடுப்பது குற்றம், உடனே நிறுத்தவும் என்று எழுதியிருந்தார்கள். நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கடுத்த காலை, தோரா லேனுக்குத் திரும்பும்போது மஞ்சள் விளக்கு சுழல ஒரு வேன் நின்றிருந்தது. பள்ளம் தோண்டி, குழாய்க்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு மாசம் அவசரமில்லாமல் ஓடிய தண்ணீர், ஒரு கிழவி இரண்டு பூவாளியில் பிடித்ததும் அவசரமாகிவிட்டது. வீணாகப் போனால் அவர்களுக்கு உறைக்காது, ஒருத்திக்கு உதவினால் உறைக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலைக்காரர்களில் ஒருவன் பள்ளத்திலிருந்து தலையை நீட்டினான்.

"காலை வணக்கம் கண்ணு. முடிஞ்சிருச்சு, இனி தொந்தரவு இருக்காது உங்களுக்கு."

இங்கே வீட்டு வாசலில் எவன் பள்ளம் தோண்டினாலும் டீ கொடுத்தாக வேண்டும். கொலைகாரன் வந்து தோண்டினாலும் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்பார்கள். தோராவின் வாய்வரைக்கும் அந்தக் கேள்வி வந்தது. விழுங்கினாள்.

"டீ கிடையாது" என்றாள். "தண்ணிப் பஞ்சம்."

அவன் முகம் தொங்கிப்போனது. அவனுக்கு அது நிஜமாகவே வலித்திருக்கும்.

பிறகு என்ன? வீட்டுக் குளியல் தண்ணீரைப் பிடித்து, மலைச் சரிவில் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். பாதி வழியிலேயே சிந்தியது. மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். போதவில்லை. வெயில் விடுவதாக இல்லை. முதலில் நடுமேட்டின் உச்சியில் ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. அப்புறம் அது பழுப்பானது. அப்புறம் ஒரு காலை விரல் நுழைகிற மாதிரி வெடித்திருந்தது. தோரா அந்த வெடிப்பின் பக்கத்தில் முழங்காலிட்டு, உள்ளங்கையை அதன்மேல் பொத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். டெஸ்மண்ட் வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே வர அவனுக்குத் துணிச்சல் இல்லை.

லீக்காரர் ஹோய்ல் வந்தார், நல்ல மனுஷன், அவரும் ஒரு காலத்தில் தரை பார்த்தவர். ஒரு பந்தை உருட்டிவிட்டார். அது மேட்டில் ஏறி, வெடிப்பில் தட்டி, குடிகாரன் மாதிரி திசை மாறிப் போனது. குனிந்து புல்லைத் தேய்த்தார். கையில் தூள்தான் ஒட்டியது.

"மன்னிச்சுக்க தோரா. என்னால கையெழுத்துப் போட முடியாது கண்ணு."

"தெரியும்."

"மழை மட்டும் வந்திருந்தா..."

"மழையைச் சொல்லாதீங்க!" தோராவின் சத்தத்தில் பப்புக்குள் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். "மழை ஒரு பாவமும் பண்ணல. தண்ணி இருந்துச்சு. இந்த வாசல்ல, என் கால்கிட்ட ஓடுச்சு. மழை மேல பழி போட்டுட்டு எல்லாரும் நல்லவங்களாயிடாதீங்க!"

ஹோய்ல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டித் தீர்த்தது. ஜனங்கள் தெருவில் இறங்கி நனைந்து சிரித்தார்கள். தோரா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

வசந்தத்துக்குள் பப் கம்பெனிக்காரர்கள் கார் நிறுத்தத் தார் போட்டுவிட்டார்கள். நடுமேட்டைச் சுரண்டித் தட்டையாக்கி, வெள்ளைக் கோடு கிழித்தார்கள். தோரா டெஸ்மண்டோடு பேச்சை நிறுத்தினாள். கடையில் எதிர்ப்பட்டால் அவன் "காலை வணக்கம், தோரா" என்பான், அவள் ரொட்டியின் விலையைப் படிப்பாள். அவன் மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை.

அடுத்த கோடையில் மழை நின்றால்தானே? நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்து, பழைய பாலம் மறுபடி முங்கிவிட்டது. ஐஸ்கிரீம் வண்டியும் போய்விட்டது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் சாப்பல் லேன் வழியாகக் கார் நிறுத்தத்துக்குள் புகுந்தது. முன்பு இவ்வளவையும் புல்தரை சத்தமில்லாமல் குடித்துவிடும். தார் என்ன குடிக்கும்? மொத்தமும் சேர்ந்து 'வீவர்ஸ்' நிலவறைக்குள் இறங்கியது, பியர் பீப்பாய்கள் இருக்கிற இடத்துக்கு. ஊரே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தது. தோராவும் வந்தாள். டெஸ்மண்ட் ஓர் ஓரத்தில் நின்றிருந்தான்.

ஸ்டூவர்ட் தொடைவரை நனைந்து வெளியே ஓடி வந்தான்.

"தோரா! உங்கிட்ட அந்தக் கிளப் வாளிங்க எல்லாம் இருக்கில்ல? குடு கண்ணு, மொண்டு ஊத்தணும். பீப்பாயெல்லாம் மிதக்குது!"

தோரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அந்தப் பக்கம் திரும்பினாள்.

"டெஸ்மண்ட், இவனுக்கு அனுமதி கேட்டு ஒரு கடுதாசி எழுதிக் குடு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பழக்கதோஷத்தில் கோட்டுப் பையில் பேனாவைத் தேடினான். அவள் தன்னோடு பேசிவிட்டாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

தோரா வாளி கொடுக்கவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நனைந்தபடியே கார் நிறுத்தத்தின் குறுக்கே வீட்டுக்கு நடந்தாள். இரண்டு கார்களுக்கு நடுவில் வெறும் தார்தான் இருந்தது, வெறும் தண்ணீர்தான் ஓடியது. ஆனாலும் நடுமேடு இருந்த இடம் வந்ததும், அதில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.