வழவழப்பைக் கழுவியவர்

சலவை நிலையத்தில் அவரை எல்லோரும் பளிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்போ ஓட்டல் துண்டோ, எந்தக் கறையும் அவர் கை பட்டால் ஓடிவிடும். எங்கே ஓடியது என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பின்பக்கக் கால்வாயில் நுரை பொங்கி, அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தபோதுகூட, "நுரை வந்தா நல்ல சோப்புன்னு அர்த்தம்" என்றார்.

அதிகாரிகளுக்கு அந்த அர்த்தம் புரியவில்லை. இன்னொரு தடவை நுரை வெளியே வந்தால் நிலையத்துக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பளிச்சுதான் தன் மாப்பிள்ளையைச் சிபாரிசு செய்தார். மாப்பிள்ளை ஆராய்ச்சிக்காரர். அழுக்குத் தண்ணீர் கால்வாய்க்குப் போகும் வழியில் தொட்டி கட்டி, கண்ணுக்குத் தெரியாத நானோ இரும்புத் துகள் பூசிய வலைகளை அதில் தொங்கவிட்டு, ஒரு கேன் பாக்டீரியாவை ஊற்றினார்.

"வலையைப் பிடிச்சுக்கிட்டு பாக்டீரியா வளரும் மாமா. சோப்புத் தண்ணிதான் அதுக்குச் சாப்பாடு."

"கிருமியை விட்டுச் சுத்தம் பண்றதா? ஊரே சிரிக்கும் மாப்பிள்ளை."

ஊர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் நுரை அடங்கியது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. பளிச்சுக்குத்தான் வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, வலை முழுக்கப் பழுப்பாக வழவழவென்று ஏதோ படிந்து கிடந்தது.

சோதனை நாளன்று மாப்பிள்ளை அதிகாரியை அழைத்துவரப் போயிருந்தார். இந்தக் கண்றாவியைப் பார்த்தால் குடும்ப மானம் என்ன ஆவது? பளிச்சு வலைகளை வெளியே இழுத்துப் போட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தார். வலைகள் புதுசாக மின்னின. அதோடு விட்டாரா? மிச்சப் பவுடரைத் தொட்டியிலேயே கொட்டினார். உள்ளே எந்திரங்கள் அவை பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தன.

அதிகாரி கால்வாய் ஓரம் வந்து நின்றதும், நுரை தள்ளிக்கொண்டு வந்து அவர் காலணியை மூடியது. மாப்பிள்ளை வெளுத்துப்போய் ஓடி, ஒரு வலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு இதைத் தொட்டது?"

பாராட்டு வேறு யாருக்காவது போய்விடப் போகிறதே என்று பளிச்சு முந்திக்கொண்டார். "நான்தான் மாப்பிள்ளை. ஒரு கிருமிகூட உயிரோட இல்ல. சார் தாராளமா பார்க்கலாம்."

சார் பார்த்தார். நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது.

அன்று ராத்திரி பளிச்சு வீட்டில் சாப்பிட்டு முடித்து, கழுவி வைக்கத் தட்டோடு எழுந்தார். மகள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"வேணாம்பா. இனிமே நீங்க எதையும் கழுவ வேணாம்."

கையைக் கழுவக்கூடத் தைரியம் வராமல் அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.