அம்மா கேட்டு வாங்கிய சிவப்பு வரிசை

என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு முழ நீளத்துக்கு ஓர் அட்டைத் துண்டு இருக்கிறது. இடது ஓரத்தில் என் பெயர், அதற்குப் பிறகு வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். சிவப்பு வெளிறி இப்போது பழைய வெற்றிலைக் கறை மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கம் சோற்றுப் பசை காய்ந்த தடம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பி, "அக்கா, அந்த மெடல் இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்தப் புள்ளிகளில் முக்கால்வாசி அவன் புண்ணியத்தில் கிடைத்தவை.

எழுபதுகளின் நடுவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். அதுவரை ஒழுங்கு என்றால் எங்களுக்கு ரோத்தான் பிரம்புதான். பெரிய வாத்தியார் அதை மேசைமேல் வைத்தாலே வகுப்பு கப்சிப். அந்த வருடம் ஈப்போ நகரப் பக்கத்துச் சிலிபினிலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்தார். பஸ்ஸில் வந்து தோட்ட முனையில் இறங்கி, செம்மண் பாதையில் குடை பிடித்து நடந்து வருவார். சேலை ஓரம் சிவந்துபோகும், கொசுவம் மட்டும் கலையாது. முதல் நாளே, "நான் யாரையும் அடிக்க மாட்டேன்" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் சொன்னபடியே அவர் ஒரு நாளும் கை ஓங்கவில்லை. அதற்குப் பதில் கதவோரம் ஒரு மஞ்சள் அட்டையை ஆணியடித்து மாட்டினார். அதில் எங்கள் எல்லோருடைய பெயரும் கட்டம் போட்டு எழுதியிருந்தது. தாமதமாக வந்தால், பேசினால், தூங்கி வழிந்தால், பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானை என்னால் தாங்க முடியவில்லை. பிரம்படி பட்ட இடம் சாயங்காலம் மாங்காய் பொறுக்கும்போது மறந்துவிடும். புள்ளி அப்படியில்லை. மறுநாள் காலையில் நாம் வருவதற்கு முன்பே வந்து, கதவோரம் நம்மைப் பார்த்தபடி நிற்கும். டீச்சர் நல்லவர், அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. அடிக்காமல் பிள்ளைகளை வளர்க்கலாம் என்று மனதார நம்பினார். ஆனால் அடிக்காத கையும் வலிக்க வைக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

என் வரிசைதான் வகுப்பிலேயே நீளம். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். ஆள் எடுக்கும் அந்த நேரத்துக்குப் பிந்தினால் அன்றைய வேலை போயிற்று. தம்பியை எழுப்பி, கோப்பி ஊற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விடுவது என் பொறுப்பு. அவன் அப்போது இரண்டு வயதுக் குண்டு. இறக்கிவிட்டால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவான். அவன் பராக்குப் பார்க்கும் சமயமாகப் பார்த்து நழுவி ஓடுவேன். பள்ளி மணி அதற்குள் அடித்திருக்கும். டீச்சர் ஒன்றும் கேட்காமல் சிவப்புப் பேனாவை எடுப்பார். நானும் ஒன்றும் சொன்னதில்லை. வீட்டு வேலையைக் காரணம் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் அதுதானே நடந்தது.

பள்ளித் தவணை முடிவில் பெற்றோரை அழைத்தார்கள். பெண்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வந்தார்கள். தலைத்துணி, ரப்பர் பால் வாசம், முழங்கால்வரை காலுறை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கதவோரத்து அட்டையைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"இதுல ஒம் பேரு எது புள்ள?"

பொய் சொல்லியிருக்கலாம். விரல் தானாக என் வரிசைக்குப் போய்விட்டது. அம்மா புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"அடியாத்தே! எம்மவளுக்குத்தான்லா இங்க ஆக நெறைய!"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு பலகை உண்டு. அளவுக்கு மேல் பால் கொண்டுவந்தவர்களின் பெயருக்கு நேரே, கணக்கெழுதும் கிராணி சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் பலகையை வாசிப்பார்கள். அம்மாவின் பெயருக்கு நேரே எப்போதும் சிவப்பாக இருக்கும். தோட்டத்தில் சிவப்பு என்றால் கெட்டிக்காரி.

மற்றப் பெண்களும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். பக்கத்து லயத்து வீட்டு அக்கா ஒருவர், புள்ளியே வாங்காத தன் மகனின் காதைப் பிடித்துத் திருகினார். "ஒன்னுகூட வாங்கத் துப்பு இல்லியாடா ஒனக்கு?" வகுப்பிலேயே தங்கமான பையன் அவன். பாவம், முழித்த முழி இன்னும் நினைவிருக்கிறது.

அந்த நேரம் டீச்சர் வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நான் பால் கொட்டகையில வாங்குற மாதிரியே எம்மவ இங்க வாங்கியிருக்கா. இந்த அட்டைய எனக்குக் குடுங்களேன், வீட்ல ஒட்டிக்கிறேன்."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அத்தனை பெண்களுக்கு நடுவில் அம்மாவின் முகம் சுருங்கிப்போயிருக்கும்.

"இவளைக் காலையில யாரும்மா கிளப்பி அனுப்புறது?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரு இருக்கா டீச்சர்? அவளே எந்திரிச்சு, தம்பிய ஆயாக்கொட்டகையில வுட்டுட்டுத்தான் வாரா. அவனத் தூக்கித் தூக்கி இவ இடுப்பே ஒரு பக்கமாப் போயிருச்சு."

டீச்சர் மேசைக்குப் போனார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, அட்டையிலிருந்து என் வரிசையை மட்டும் கோணாமல் வெட்டி, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். "உங்க மக நெறைய வேலை செய்யுறாம்மா" என்றார். அதில் பொய் இல்லை. விடுமுறை முடிந்து போனபோது கதவோரம் ஆணி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு நான் பிந்தி வந்தால், "தம்பி இன்னைக்கு அழுதானா?" என்று கேட்பார். வேறொன்றும் கேட்டதில்லை.

அம்மா அந்தத் துண்டைச் சோற்றுப் பசை தடவி முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். சாமி கும்பிடும்போது எனக்குக் கண்ணைத் திறக்கவே பிடிக்காது. எண்பதுகளில் தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட, நாங்கள் லயத்து வீட்டைக் காலி செய்து சிலிபினுக்கு வாடகை வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அம்மா கரண்டிக் காம்பால் அதைச் சுவரிலிருந்து பதமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இனியும் மறைக்க மனம் வரவில்லை.

"அம்மா, அது நல்லதுக்குப் போட்ட புள்ளி இல்ல. லேட்டா வந்ததுக்குப் போட்டது."

அம்மா கையை நிறுத்தவில்லை. "தெரியும்லா. மவன் காதத் திருகுன அக்கா, அவங்கிட்ட கேட்டுட்டு அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டா."

"அப்புறம் ஏம்மா ஒட்டி வச்ச?"

"ஒவ்வொரு புள்ளியும் நீ தம்பியத் தூக்கிக்கிட்டு நடந்த ஒரு நாளு புள்ள. அத நான் எங்க போய்ச் சாமிகிட்ட காட்டுறது?"

பாத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற தம்பி அதைக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அம்மா போய் வருடங்கள் ஆகிவிட்டன. போன வாரம் தம்பி தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையின் முகம் உம்மென்று இருந்தது. அவள் வகுப்பில் பெயர்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சுவரில் நகர்த்துவார்களாம். அவள் பெயர் சிவப்புக்குப் போய்விட்டது. அதைப் படம் பிடித்து அப்பாவின் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டார்கள். அவன் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் அலமாரியைத் திறந்து அட்டைத் துண்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இவ்ளோ சிவப்பா! அத்தை, நீங்க ரொம்ப மோசமா?"

"ஒங்கப்பாவக் கேளு."

தம்பி இந்த முறை சிரிக்கவில்லை. துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மா தடவிய மாதிரியே புள்ளிகளைத் தடவினான். "அத்தை என்னைத் தூக்கிக்கிட்டு நடந்த நாளுடா இதெல்லாம்" என்றான். துண்டைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கம் நன்றாகத் திரும்பினான்.

"நீ சொல்லு. அன்னிக்கு என்ன ஆச்சு?"

இரண்டு நாளாக யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை போல. எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.