சத்தம் போடாத குழாய்

இந்த வாரப் பத்தியை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் மேஜை வாசலில் காய்கிறது. பாய் காய்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் — நான் பதில் போடாமல் சேர்த்து வைத்திருந்தவை — கொடியில் கிளிப் மாட்டிக் காய்கின்றன. மை கலைந்துவிட்டது. பதில் வராததற்கு இப்போதுதான் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது...

எல்லாம் மீன் தொட்டியால் வந்தது. இல்லை, என்னால் வந்தது. என் மனைவி தனம் இதைப் படிப்பாள் என்பதால் உண்மையையே எழுதிவிடுகிறேன்.

முதலில் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணனின் மனைவி. அண்ணன் மலையில் ஒரு ஏலத் தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர். இருபது வருஷம் இருவரும் மேலேயே இருந்தார்கள். குழந்தைகள் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால், அடைமழையில், நெஞ்சில் சளி கட்டி அண்ணன் போய்விட்டார். பாதையில் மண் சரிந்து ஜீப் ஏறவில்லை. நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மதினியைப் போடிக்குக் கூட்டி வந்தோம். "இனிமே இதுதேன்க்கா உங்க வீடு" என்றாள் தனம். மதினி தலையை ஆட்டினார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். குளிக்கச் சொன்னால் குளித்தார். மற்ற நேரமெல்லாம் ஹாலில் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ஒரு மனுஷி எத்தனை நாளைக்குச் சுவரைப் பார்ப்பது? பார்க்க ஏதாவது அசையட்டும் என்று மதுரைக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். ரயிலில் போடி வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் தொடை மரத்துக் கிடந்தது.

ஆனால் பலித்தது. மதினி தன் கட்டிலைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் வால் கிழிந்த ஒரு மீனைக் காட்டி, "இது மத்ததுக கூடச் சேர மாட்டேங்குது தம்பி" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவராக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. தனம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றச் சோம்பல். மூளையை உபயோகித்தேன். மாடியில் ஒரு டிரம். அதிலிருந்து சன்னக் குழாய் வழியாகத் தொட்டிக்குப் பகலெல்லாம் புதுத் தண்ணீர். அதிகமாகிற தண்ணீர் தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே போட்ட ஓட்டையில் மாட்டிய குழாய் வழியாக வெளியேறி, கொல்லையில் வாழைக்குப் போய்விடும். மீனுக்கும் நல்லது, வாழைக்கும் நல்லது. காகிதத்தில் வரைந்தபோது என்னையே நான் பாராட்டிக்கொண்டேன்.

ஓட்டை போட்ட இடத்தில் ஒழுகியது. கடையில் விற்கிற பசையெல்லாம் பூசினேன், ஒழுகியது. ஜீப் ஸ்டாண்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற என் சிநேகிதன் பழைய டியூப்பில் இரண்டு வட்டம் வெட்டிக் கொடுத்தான். "இருபது ஆளை ஏத்திக்கிட்டுப் போடி மெட்டு ஏறுன டியூப்பு மாப்ளே. ஒன் ஆறு மீனுக்குத் தாங்காதா?" என்றான். கண்ணாடிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்து மறையை முறுக்கினேன். கீழே செய்தித்தாள் விரித்து மறுநாள் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை!

ஒழுகல் நின்றது... சத்தம் ஆரம்பித்தது.

தண்ணீரும் காற்றும் சேர்ந்து அந்த வெளியேற்றுக் குழாய்க்குள் போகும்போது — களக்... களக்... கர்ர்ர்... ஒரு நிமிஷம் அமைதி. மறுபடி களக். நாளெல்லாம் இப்படி. நான் அதை என் விஞ்ஞானத்தின் குரல் என்று நினைத்து ரசித்தேன்.

அன்றிலிருந்து மதினி ஹாலில் தரிக்கவில்லை. குழாய் களக் என்றதும் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். கட்டிலை மறுபடி சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டார். மீன் கவிச்சி பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்தேன். தான் ஏதோ வாய்தவறிப் பேசிவிட்டதாகத் தனம் முடிவு செய்தாள். பத்து நாள் கழித்து மதினி சொன்னார்:

"வெள்ளிக்கிழமை ராசிங்காபுரம் போறேன் தம்பி. எங்க தம்பி வீட்ல இருந்துக்கிறேன்."

"ஏன் மதினி?"

"சும்மாதேன்."

அந்தத் தம்பி வீடு எனக்குத் தெரியும். இரண்டே அறை, ஏழு பேர். அங்கே மதினி எங்கே படுப்பார்? அண்ணன் போகும்போது நான் பக்கத்தில் இல்லை. மதினியையாவது நல்லபடியாக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில்தான் கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தேன். இப்போது அதுவும் கையை விட்டுப் போகிறது. 'போகாதீங்க' என்று கட்டாயப்படுத்தவும் வாய் வரவில்லை. சும்மா என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது?

வியாழக்கிழமை பொட்டிபுரத்தில் ஒரு காதுகுத்து. மதினி விசேஷங்களுக்கு வருவதில்லை. நாங்கள் கிளம்புமுன் தனம் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு நடுவே களக். "இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க" என்றாள். போடிக்காரனுக்கு எதற்கும் கை தானாகப் போவது ஏலக்காய் சாக்குக்குத்தான். மழை வந்தால் வாசற்படியில் சாக்கு. சைக்கிள் சீட்டுக் கிழிந்தால் சாக்கு. நான் ஒரு துண்டு சாக்கைச் சுருட்டிக் குழாய் வாயில் செருகினேன். சத்தம் நின்றது. பெருமையாக பஸ்சைப் பிடிக்கப் போனேன்.

சாக்கு தண்ணீரில் ஊறினால் உப்பும். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சாயங்காலம் திரும்பி வந்தால் வாசல் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் எங்களை வரவேற்றது. உள்ளே தொட்டி நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. மீன்கள் பத்திரம். மேஜையிலிருந்த உங்கள் கடிதங்கள் தரையில் மிதந்தன. கட்டிலுக்கு அடியில் மதினி மறுநாளைக்காக அடுக்கி வைத்திருந்த தகரப்பெட்டி தண்ணீரில் நின்றது.

கட்டிலில் மதினி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, கை தொங்கி, அப்படி ஒரு தூக்கம்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். தனம் என் கையைப் பிடித்தாள். "எழுப்பாதீங்க. நம்ம வீட்டுக்கு வந்து இப்பிடித் தூங்கி நான் பாத்ததேயில்ல" என்றாள் மெதுவாக. மாடியில் போய் டிரம்மை அடைத்தேன். பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், பக்கெட்டில் ஓசை வராமல் பிழிந்து, அரை மணி நேரம் தரையைத் துடைத்தோம்.

மதினி எழுந்ததும் முதலில் பெட்டியைத்தான் திறந்தார். சேலைகளெல்லாம் ஈரம். அடியில் அண்ணனின் மப்ளர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மப்ளரைப் பிழிந்தபடியே, "இன்னைக்கு அந்தச் சத்தம் இல்ல. அதேன் தூங்கிட்டேன்" என்றார்.

"எந்தச் சத்தம் மதினி?"

"குழாச் சத்தம். உங்கண்ணனுக்குக் கடைசி மூணு நாளும் தொண்டையில இப்பிடித்தேன் ஓடுச்சு தம்பி. நிக்கும்... நின்னுருச்சோன்னு பாப்பேன். மறுபடி இழுக்கும்."

அந்தச் சத்தத்தை நானே கடை கடையாக அலைந்து, மறை முறுக்கி, அவர் தலைமாட்டில் கட்டியிருக்கிறேன். பத்து நாள் ரசித்தும் இருக்கிறேன். தொட்டியை இப்போதே தூக்கிக் கொல்லையில் போட்டு உடைக்கிறேன் என்று எழுந்தேன்.

"மீனு என்ன செஞ்சுச்சு?" என்றார் மதினி. பிறகு குழாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வாய மேல வச்சிருக்கீக. தண்ணியோட காத்தையும் இழுக்குது. வாயத் தண்ணிக்குள்ள குனிய விடுங்க. வெளிய மேடா இருக்கிற எடத்துல ஒரு ஓட்டை போட்டா உள்ள நிக்கிற காத்து போயிரும். தோட்டத்துல ஓடைத் தண்ணி வர்ற ஓஸ் இப்பிடித்தேன் விக்கும். உங்கண்ணன் ஊசிய எடுத்துக்கிட்டுப் போவாரு."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் பஸ்சுக்குப் போகவில்லை. ஒரு வளைவுக் குழாய் வாங்கி வந்து, அதன் வாய் தண்ணீருக்குள் குனிகிற மாதிரி மாட்டினேன். மதினி அடுப்பில் ஆணியைச் சுட்டு இடுக்கியில் பிடித்துக் கொண்டு வந்தார். நான் போட்ட முதல் ஓட்டை சின்னது. குழாய் ஒரு தடவை விக்கியது. மதினியின் முகம் மாறியதைப் பார்த்தேன். "இன்னுங் கொஞ்சம்" என்று அவரே ஆணியை வாங்கிச் சுழற்றினார். விக்கல் அடங்கியது. இனி எந்தச் சாக்கு அடைத்தாலும் தண்ணீர் போகட்டும் என்று, சற்று மேலே இரண்டாவதாக ஒரு குழாயும் வைத்தேன்.

தண்ணீர் போகிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. கொல்லைக்கு ஓடிப்போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்தது.

மதினி கட்டிலைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொன்னார். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். வீடே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"அண்ணன் கடைசியா ஏதாச்சும் சொன்னாரா மதினி?"

மீனைப் பார்த்தபடியே சொன்னார். "பேச முடியல. என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. நாந்தேன் 'வெந்நி கொண்டாறேன், வெரசா வந்திர்றேன்'னு கைய உருவிட்டுப் போனேன். வந்து பாத்தா..."

தனம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அழுதோம். ராசிங்காபுரம் பற்றி யாரும் பேசவில்லை. மத்தியானம் மதினிதான் குழம்பு வைத்தார்.

வீட்டுக்குள் ஒரு மனுஷர் சத்தமில்லாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறோம். நமக்கும் அதுதானே சௌகரியம்?

அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல மதினிக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது... கேட்க எனக்கும்தான்.