ஓவியா மேடம் கையில அடிச்ச சத்தியம்

ஹோவா மேடம் போயிட்டாங்க.

காலையில ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கிட்டு இருக்கேன், அமெரிக்காவுல இருந்து அவங்க எடிட்டர் மெசேஜ். தூக்கத்துலயே போயிட்டாங்களாம். ஷட்டரைப் பாதியில விட்டுட்டு அப்படியே படியில உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு... மேடம் வியட்நாம்ல பொறந்து, சின்னப் புள்ளையா இருக்கப்பவே படகுல தப்பிச்சு, அமெரிக்காவுல வளந்தவங்க. டாக்குமெண்டரி எடுக்கறவங்க. போன வருஷம் நம்ம அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரிங்களைப் படம் எடுக்க வந்தாங்க. கல்யாண வீடியோ எடுக்கற எனக்கு இங்கிலீஷ் வரும்னு எவனோ கொளுத்திப் போட்டுட்டான். அவங்களுக்கு மொழிபெயர்ப்பு, லைட் பிடிக்கறது, டீ வாங்கறது எல்லாம் நான்தான்.

"ஹோவா" யார் வாயிலயும் நுழையல. வந்த சூட்டோட "ஓவியா மேடம்" ஆக்கிட்டாங்க. கூப்பிட்டா அவங்களும் திரும்பிப் பாப்பாங்க.

மெசேஜோட மொத வரிக்கு அழுதேன். ரெண்டாவது வரியை மூணு தடவை படிச்சேன். "படத்தை நாங்க முடிக்கறோம். சுவர் விரிசல் விட்ட வீட்டு அம்மாவோட பேரும் ஊரும் அனுப்புங்க."

அந்த அக்கா யாரு, எந்த ஊருன்னு இங்க சொல்ல மாட்டேன். கேக்காதீங்க.

மேடம் எவ்ளோ பயந்தவங்கன்னு யாருக்கும் தெரியாது...

ஒருநாள் குவாரி ஓரமா முந்திரிக்கொட்டை பொறுக்கற பொம்பளைங்களை எடுத்துட்டு இருந்தோம். மேடம் சத்தமா "ஒன் மோர் ஷாட்!"னாங்க. அவ்ளோதான். கூடையைப் போட்டுட்டு அத்தனை பேரும் ஓட்டம். குவாரி பக்கம் "ஷாட்"னா வெடி வைக்கறது, மேடம்கிட்ட சொல்ல மறந்துட்டேன்!

எல்லாரும் ஓடறதைப் பாத்து மேடமும் கேமராவைக் கட்டிப் பிடிச்சிட்டு மரத்தடியில சுருண்டுட்டாங்க. விஷயம் புரிஞ்சு பொம்பளைங்க எல்லாம் சிரிக்கறாங்க, மேடமும் சிரிக்கறாங்க, ஆனா அவங்க கை நடுக்கம் நிக்கவே இல்ல. "படகுல இருந்து கூடவே வந்த நடுக்கம்"னாங்க. அதுக்கப்புறம் "இன்னொரு தடவெ"ன்னு தமிழ்லதான் சொல்வாங்க.

அந்த அக்கா விஷயத்துக்கு வரேன்.

அக்கா மொதல்ல பேசவே மாட்டேன்னாங்க. அப்புறம் ஆரம்பிச்சவங்க நிறுத்தல. வெடி வைக்கறப்ப செவுரு விடற விரிசல், வத்திப்போன கெணறு, சோத்துல விழற தூசி... எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. முடிச்சதும் மூஞ்சி வெளிறிடுச்சு. "தம்பி, எம்புள்ள அந்தக் குவாரிலதான வேலை பாக்குறான்... இதைப் பாத்தா அவனை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களே?"

மேடம்கிட்ட சொன்னேன். "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் உங்க முகமும் பேரும் வராது"ன்னாங்க. அக்கா உடனே உள்ளங்கையை நீட்டுனாங்க. மேடம் அதை ஹை-ஃபைன்னு நெனச்சு, சிரிச்சிட்டே பட்டுன்னு தட்டிட்டாங்க!

நான் பதறிப்போய் சொன்னேன், "மேடம், அது விளையாட்டில்ல, சத்தியம். கையில அடிச்சா மீறக்கூடாது."

மேடம் சிரிப்பை நிறுத்திட்டாங்க. கழுத்துல தொங்கின கேமராவைக் கழட்டி என்கிட்ட கொடுத்தாங்க. திரும்பப் போய் அக்கா முன்னாடி நின்னு, மெதுவா, இன்னொரு தடவ அடிச்சாங்க.

வர்ற வழியில கார்ல சொன்னாங்க. அவங்க மொத படம் அவங்க அம்மாவைப் பத்தி. நகம் அழகு பண்ற கடையில வேலை பாத்த அம்மா, மொதலாளிக்குப் பயந்து மூஞ்சி காட்ட மாட்டேன்னுட்டாங்களாம். படம் முழுக்க அம்மாவோட கை மட்டும்தான். அப்புறம் எறால் பிடிக்கறவங்க, கோழிக்கறி ஃபேக்டரி ஆளுங்கன்னு எடுத்த எல்லாப் படத்துலயும் யாராவது ஒருத்தரோட கை மட்டும் வருமாம்.

"நம்ம ஊர் கல்யாணத்துல பொண்ணோட சித்தப்பா மூஞ்சி வரலன்னா என்னைத் தூண்ல கட்டிருவாங்க மேடம்"னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இப்பவும் காதுல இருக்கு...

இன்னிக்கு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய் சொன்னேன். "அய்யோ அந்தம்மாவா..."ன்னு வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் கேட்டாங்க.

"அப்ப அந்த சத்தியம் இப்ப யாருகிட்ட தம்பி இருக்கு?"

நான் ஒண்ணும் பெரிய தைரியசாலி இல்லீங்க. குவாரி ஆபீஸ் ஃபங்ஷன் எல்லாம் நான்தான் எடுக்கறேன். அக்கா கையை நீட்டிட்டே இருந்தாங்க. அடிச்சிட்டேன்.

ஃபிரெண்ட்ஸ், ஒரு விஷயம். ஷூட்டிங் அன்னைக்கு மேடமோட குரூப் போட்டோ எடுத்தவங்க, அஞ்சலின்னு அதைப் போடாதீங்க. பின்னாடி அந்த வீடு தெரியுது. ஒருத்தர் காலையிலயே போட்டுட்டாரு, கால்ல விழாத குறையா கெஞ்சி டெலிட் பண்ண வச்சேன். அதுக்குள்ள யார் பாத்தாங்களோ தெரியல...

எடிட்டருக்கு "பேரு இல்ல, ஊரு இல்ல, கை மட்டும்"னு அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு. பதில் இல்ல. ஃபோன் அடிச்சாலே திக்குங்குது.

போயிட்டு வாங்க ஓவியா மேடம். நீங்க அடிச்ச கையிலதான் நானும் அடிச்சிருக்கேன்.